சைவ வீட்டில் நாய்க்குட்டி: தயிர் சாதம் போதுமா?

"வளரும் குட்டிக்குத் தயிர் சாதம் மட்டும் போதாது" என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சிலர் கவலையோடு கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. பையன் தெருவில் தனியாக நின்ற ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கி வந்துவிட்டான். அப்போது அதற்கு ஒன்றரை மாதம் இருக்கும். வந்த நாளிலிருந்து தயிர் சாதமும் பாலும்தான். என் மாமியாருக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம், தானே பிசைந்து ஊட்டுகிறார். இரண்டு மாதம் ஆகிவிட்டது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு இருக்கிறது, முன்னங்கால் இரண்டும் வளைந்த மாதிரி தெரிகிறது, தூக்கினால் சில சமயம் கத்துகிறது. கறி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அது எங்களால் முடியாத காரியம். என்ன செய்ய? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இந்த வாரமே குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்க வைக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். அதுவரை மாடிப்படி ஏற விடாதீர்கள், கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள், பையன் அதோடு ஓடிப்பிடித்து விளையாடுவதையும் நிறுத்திவையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது எலும்பு பலவீனத்தின் அடையாளம். இந்த நிலையில் லேசாக விழுந்தாலே எலும்பு முறியும்.

இப்படிப்பட்ட குட்டிகளை மேசைமேல் நிறுத்தினால் பார்த்த உடனே தெரியும். முன்னங்காலின் மணிக்கட்டு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, பாதம் சப்பையாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். நல்ல எலும்பு எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும், இந்தக் குட்டிகளுக்கோ சுற்றியுள்ள சதைக்கும் எலும்புக்கும் அதிக வித்தியாசம் இல்லாமல் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். சாப்பாட்டில் கால்சியம் போதாதபோது ரத்தத்தில் அதன் அளவு குறையாமல் இருக்க உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கிறது. இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும், அதனால் உடம்பு எலும்பைப் பலி கொடுத்துவிடுகிறது. நல்ல செய்தி, சீக்கிரம் கண்டுபிடித்து சாப்பாட்டைச் சரிசெய்தால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடுகின்றன.

தயிர் சாதத்தில் என்ன குறை என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மாமியாரிடம் சொல்ல உதவும். வேகவைத்த சோறு 100 கிராம், தயிர் 100 கிராம் கலந்தால் ஏறக்குறைய 190 கலோரி, 6 கிராம் புரதம். அதாவது 1000 கலோரி அளவுக்குச் சாப்பிட்டால் 30 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம் கிடைக்கும். வளரும் குட்டிக்கு அதே 1000 கலோரியில் குறைந்தது 56 கிராம் வேண்டும். கால்சியம் இன்னும் மோசம், 3 கிராம் தேவைப்படுகிற இடத்தில் ஒரு கிராம்கூட வராது. இதில் மாமியாரின் பிரியத்துக்கோ கைப்பக்குவத்துக்கோ எந்தக் குறையும் இல்லை. குட்டி வயிறு நிறையச் சாப்பிடுகிறது, கொழுகொழுவென்றுகூட இருக்கும், உள்ளே மட்டும் பட்டினி. இன்னொன்றும் உண்டு. நம்மைப் போல வெயிலில் நின்றால் நாய்க்குத் தோலில் போதுமான வைட்டமின் டி உண்டாகாது, அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சோற்றிலும் தயிரிலும் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, எதிர்வீட்டுக்காரர் சொல்கிற கறி? அதுவும் மருந்தில்லை. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான், பாஸ்பரஸோ 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. குட்டிக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ கால்சியம் கொஞ்சம் தூக்கலாகவோ இருக்க வேண்டும். கறியும் சோறும் மட்டும் தின்று வளர்ந்த குட்டிகளும் இதே வளைந்த காலோடு எங்களிடம் வருகின்றன. அதனால் சைவமா அசைவமா என்ற சண்டையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். தட்டில் இருப்பது முழுமையானதா என்பதுதான் கேள்வி.

உங்களால் முடிந்த வழிகள் மூன்று. எளிதானது, குட்டிகளுக்கென்றே வரும் முழுமையான உலர்தீனி. இதில் அசைவம் இருக்கும், உண்மை, ஆனால் நீங்கள் எதையும் வெட்டவோ சமைக்கவோ வேண்டாம். சைவ வீடுகள் பலவற்றில் இதைச் செய்கிறார்கள். பையை பால்கனியில் மூடிய டப்பாவில் வைத்துவிடுவார்கள், அதற்கென்று தனிக் கரண்டி, தனிக் கிண்ணம், கழுவ வெளிக்குழாய். சமையலறைப் பக்கமே வராது. உங்கள் குட்டிக்கு அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது வழி எதிர்வீட்டுக்காரர். அவர் குட்டிமேல் அக்கறையோடுதான் பேசியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள், தினமும் தன் வீட்டிலேயே ஒரு முட்டை வேகவைத்து அவர் வாசலிலேயே கொடுத்துவிடட்டும். இது புரதக் குறையைப் பாதி தீர்க்கும், கால்சியத்துக்கும் வைட்டமினுக்கும் மருத்துவர் எழுதித் தருவது தனியாக வேண்டும்.

மூன்றாவது, முழுக்க சைவம். முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கண்ணளவில் செய்யக் கூடாது, குட்டியின் எடையையும் வயதையும் வைத்து ஒருவர் எழுதித் தர வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கால்நடை உணவியல் துறை என்றே ஒன்று இருக்கிறது. உங்களுக்கு நாமக்கல்லோ ஒரத்தநாடோ பக்கம். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி, தெற்கே திருநெல்வேலி. மருத்துவரின் கடிதத்தோடு போனால் பேச வசதியாக இருக்கும். எழுதித் தந்ததை எழுதித் தந்தபடியே கொடுக்க வேண்டும், "இன்றைக்கு பனீர் இல்லை, சாதத்தைக் கூட்டிப் போட்டேன்" என்று ஆரம்பித்தால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். உங்கள் குட்டியின் கால் ஏற்கெனவே வளைந்திருப்பதால், அது தேறும்வரை முதல் வழியைத்தான் சொல்வேன். எலும்பு கெட்டிப்பட்ட பிறகு சைவத்துக்கு மாற்றுவதை யோசிக்கலாம்.

உப்பின வயிற்றுக்குப் புழுவும் காரணமாக இருக்கலாம். உருளைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும், தாய்ப்பால் வழியாகவும் வரும். எடை பார்த்துப் புழுமருந்து கொடுப்பார்கள். அது மனிதர்களுக்கும் தொற்றக் கூடியது, பையனைக் கை கழுவச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் கால்சியம் சிரப்பையோ, பெரியவர்கள் வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று கிலோ குட்டிக்கு அந்த ஒரு பாக்கெட் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: பசும்பால் கொடுத்தால் என் லாப்ரடார் குட்டிக்கு வயிறு போகிறது. தண்ணீர் கலந்து கொடுத்தும் நிற்கவில்லை. பால் இல்லாமல் எப்படி வளரும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை குறைவு. பசும்பாலில் இது தலைகீழ். அந்தச் சர்க்கரை செரிக்காமல்தான் வயிறு போகிறது. தண்ணீர் கலந்தால் கொஞ்சநஞ்சம் இருந்த சத்தும் நீர்த்துப் போகிறது, அவ்வளவுதான். கண் திறக்காத, தாயை இழந்த குட்டிக்கு நாய்களுக்கென்று விற்கும் பால் பவுடர் வேண்டும். உங்கள் குட்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது, ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு பால் அவசியமே இல்லை. பால் பொருள் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பனீரோ கெட்டித் தயிரோ கொஞ்சமாகக் கொடுங்கள், அவற்றில் லாக்டோஸ் குறைவு.

வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தாலோ, வாந்தியும் சேர்ந்து குட்டி துவண்டு படுத்தாலோ பாலைக் காரணம் சொல்லிக்கொண்டு ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டிகளை பார்வோ வைரஸ் இரண்டே நாளில் கொண்டுபோய்விடும்.

கேள்வி: எங்கள் தாத்தா வீட்டு நாய் கம்பங்கூழும் கேழ்வரகுக் கஞ்சியும் குடித்தே பன்னிரண்டு வருஷம் திடமாக இருந்தது. எக்ஸ்ரே, கால்சியம் என்றெல்லாம் சொல்லி டாக்டர்கள் பயமுறுத்துகிறீர்கள். (வாசகர், விருதுநகர்)

பதில்: உங்கள் தாத்தா வீட்டு நாயைப் பற்றிச் சொன்னதை நான் நம்புகிறேன் ஐயா. அப்படிப்பட்ட நாய்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாய் கூழை மட்டுமா தின்றது? காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு அது வயற்காட்டுக்குப் போகும். எலி, ஓணான், காடை முட்டை, மாடு கன்று போட்டால் விழும் நஞ்சுக்கொடி, ஊரில் யாராவது கிடா வெட்டினால் எலும்பு எல்லாம் அதற்குக் கிடைத்தது. வீட்டில் கொடுத்தது கூழ், மீதியை அது தானே தேடிக்கொண்டது. இன்றைக்கு மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வளரும் குட்டிக்கு நாம் வைக்கும் கிண்ணத்தைத் தவிர வேறு உலகமே இல்லை. அந்தக் கிண்ணத்தில் எது விடுபட்டாலும் அது விடுபட்டதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு ஈற்றில் பிறந்த ஏழெட்டுக் குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் இருந்த ஒன்றைத்தான் நாம் நினைவு வைத்திருக்கிறோம்.

கேழ்வரகை நான் குறைத்துச் சொல்லவில்லை. தானியங்களில் அதைப் போலக் கால்சியம் உள்ளது வேறில்லை, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனாலும் கலோரிக்குக் கணக்கிட்டால் குட்டியின் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வரும், அதிலும் கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினால், புளிக்கவைத்துக் கூழாக்கினால் அது குறையும். தானியம் மட்டுமே தின்னும் குட்டிகளுக்கு வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் பொருக்குத் தட்டுவது பல நேரம் இந்தத் துத்தநாகக் குறையால்தான்.

கேள்வி: நாய் மாமிச பட்சிணி. ஓநாயின் வாரிசு. அதற்குச் சைவம் கொடுப்பதே கொடுமை, நீங்கள் அதற்குத் துணை போகிறீர்கள். (வாசகர், ஓசூர்)

பதில்: ஓநாயின் வாரிசு என்பது சரி. ஆனால் மனிதர்களோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான வருடங்களில் அதன் உடம்பும் மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைத் தயாரிக்கும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் உண்டு, நாய்களிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது என்பதை 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வு காட்டியது. நாய்க்கு வேண்டியது புரதத்திலிருந்து கிடைக்கும் குறிப்பிட்ட அமினோ அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், வைட்டமின்கள், தாதுக்கள். அவை எல்லாம் சரியான அளவில் உடம்பில் சேரும்படி வந்தால், எதிலிருந்து வந்தது என்று அதன் குடல் கேட்பதில்லை. வளர்ந்த நாய்களைச் சரியாகத் திட்டமிட்ட சைவ உணவில் ஆரோக்கியமாக வைத்திருக்க முடியும்.

உங்கள் கோபத்தில் எனக்கு உடன்பாடான பகுதியும் இருக்கிறது. திட்டம் இல்லாமல் கொடுப்பது கொடுமைதான். 1960-ம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்பவர் போதுமான உணவு கொடுக்காததையே வதை என்கிறது. குட்டிகள் விஷயத்தில் தவறுக்கான இடைவெளி மிகக் குறைவு, எடைக்கு எடை பார்த்தால் பெரிய நாயைப் போல இரண்டு மடங்கு அதற்குத் தேவை. அதனால்தான் குட்டிக்குச் சைவம் என்று யாராவது கேட்டால் உடனே சரி என்று சொல்வதில்லை.

கேள்வி: கடையில் பச்சைப் புள்ளி போட்ட சைவ நாய்த்தீனி கிடைக்கிறது. மூன்று மாதக் குட்டிக்குக் கொடுக்கலாமா? கடைக்காரர் இன்னொன்றைக் காட்டி, இது தானியமே இல்லாதது, இன்னும் உயர்ந்தது என்கிறார். (வாசகி, சேலம்)

பதில்: பையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். இங்கே கிடைக்கும் சைவத் தீனிகளில் பெரும்பாலும் 'அடல்ட்' என்றுதான் போட்டிருக்கும், அது வளர்ந்த நாய்க்கு, உங்கள் குட்டிக்கு வேண்டாம். 'பப்பி' அல்லது 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருக்க வேண்டும், கூடவே 'கம்ப்ளீட்' என்ற சொல்லும் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது சாப்பாடு அல்ல, தொடுகறி. விலங்குத் தீனிக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுப்படி, ஈரப்பதம் நீக்கிப் பார்த்தால் குட்டித் தீனியில் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5, கால்சியம் 1.2. வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 போதும், வித்தியாசம் புரிகிறதல்லவா. லாப்ரடார், கிரேட் டேன், ராஜபாளையம் மாதிரி பெரிதாக வளரும் குட்டிகளுக்குக் கால்சியம் 1.8-ஐத் தாண்டாமல் இருக்கட்டும், ஏனென்றால் ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிகளுக்கு அதிகப்படியான கால்சியத்தைத் தள்ளிவிடும் திறமை கிடையாது, கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எலும்பு கோணலாக வளரும்.

சைவத் தீனி என்றால் சேர்மானப் பட்டியலில் மெத்தியோனின், டாரின் (இரண்டும் அமினோ அமில வகை), வைட்டமின் பி12, வைட்டமின் டி இவை தனியாகச் சேர்த்ததாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு, பி12 தாவரத்தில் கிடையாது.

தானியம் இல்லாதது உயர்ந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த தீனிகளுக்கும் நாய்களின் இதயத் தசை பலவீனப்படுவதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணையே தொடங்கியது. இதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. அதிக விலை கொடுத்து அதை வாங்க ஒரு காரணமும் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: முட்டை வரைக்கும் எங்களுக்குப் பரவாயில்லை. வீட்டிலேயே சமைத்துப் போட ஆசை. மூன்று மாதக் குட்டி, 4 கிலோ இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: முட்டைக்குச் சம்மதம் என்றாலே பாதி கஷ்டம் தீர்ந்தது. அந்தக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 500 முதல் 600 கலோரி வேண்டியிருக்கும். இரண்டு வேகவைத்த முட்டை, 50 கிராம் பனீர், குக்கரில் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, ஒரு சின்னக் கிண்ணம் சோறு, கொஞ்சம் கேரட் அல்லது பரங்கி, இதை நாலு வேளைக்குப் பிரித்தால் புரதம் ஏறக்குறைய எட்டிவிடும். சோயா மீல்மேக்கரும் நல்ல சரக்கு, காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், ஆனால் நன்றாக வேகவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கும். முட்டையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாது.

இவ்வளவு செய்தும் கால்சியம் தேவையில் கால் பங்குக்குள்தான் நிற்கும். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, முட்டையும் பனீரும் போடுகிறோமே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முட்டை ஓட்டை நன்றாகக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் அது சுத்தமான கால்சியம் கார்பனேட், ஆனால் எத்தனை சிட்டிகை என்பதை மருத்துவரே சொல்லட்டும். எனக்குப் பிடித்த வழி, நாள் சாப்பாட்டில் பாதிக்கு மேல் குட்டித் தீனி, மீதி உங்கள் சமையல். சமைத்துப் போடும் ஆசையும் தீரும், விட்டுப்போன தாதுக்களும் வந்துவிடும்.

கேள்வி: நாங்கள் சாப்பிடுவதையே கொஞ்சம் பிசைந்து போட்டால் என்ன? சாம்பார் சாதம், ரசம் சாதம் எல்லாம் சைவம்தானே? (வாசகி, தாம்பரம்)

பதில்: வேண்டாம் அம்மா. சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து சோகையை உண்டாக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நம் வீட்டுக் குழம்பைப் பொறுத்தவரை புளியும் கவலைக்குரியது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம், அதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார்கள். அந்த அமிலம் புளியில் தாராளமாக இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததையும் அமெரிக்க மருத்துவர்கள் 2022-ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புளியோதரை, காரக்குழம்பு, உலர்திராட்சை போட்ட பாயசம், கேசரி எதுவும் குட்டியின் பக்கம் போகக் கூடாது. விசேஷ நாளில் பந்தி இலைகளை எங்கே போடுகிறோம் என்பதிலும் கவனம் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகள் வாங்கும் சர்க்கரையில்லாத இனிப்பிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் இருக்கலாம், துளியளவே குட்டியின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

கேள்வி: கறி, முட்டை ருசி கண்டால் நாய் மூர்க்கமாகிவிடும், சைவமாக வளர்த்தால் சாந்தமாக இருக்கும் என்கிறார்களே? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இல்லை. ஏறக்குறைய மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரையிலான வயதில் குட்டி எத்தனை விதமான மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. கட்டியே போட்டு வளர்த்த நாய் தயிர் சாதம் தின்றாலும் கடிக்கும். வயிறு சரியாக நிறையாத நாய் கிண்ணத்தைத் தொட்டாலே உறுமும். எந்த உணவு கொடுத்தாலும் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.

கேள்வி: தயிர் சாதம் கொடுத்தே பழக்கிவிட்டோம். தீனியை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒரே நாளில் மாற்றாதீர்கள், வயிறும் கெடும், அதுவும் பிடிவாதம் பிடிக்கும். முதல் இரண்டு நாள் வழக்கமான தயிர் சாதத்தில் கால் பங்கை எடுத்துவிட்டு ஊறவைத்து மசித்த தீனியைக் கலந்து பிசையுங்கள், அப்புறம் பாதிக்குப் பாதி, ஒரு வாரம் பத்து நாளில் முழுசாக. ஊறவைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் வாசனை எழும்பும், மூக்குதான் அதற்கு நாக்கு. கால் மணி நேரத்தில் தின்னாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட்டு அடுத்த வேளை மறுபடி வையுங்கள், நடுவில் பிஸ்கட் வேண்டாம். ஆனால் பசித்தால் தானே தின்னும் என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடும் யோசனை சின்னக் குட்டிகளுக்கு ஆகாது, ரத்தச் சர்க்கரை குறைந்து மயங்கி விழும். இரண்டு வேளை தொடர்ந்து எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இன்னும் குட்டி வாங்கவில்லை. மகளுக்கு நாய் வேண்டும், பூனையானாலும் சரி என்கிறாள். முட்டையும் கிடையாது, அசைவத் தீனியும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதில் நாங்கள் உறுதி. (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, ரொம்ப சந்தோஷம். பூனை வேண்டாம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. தாவரத்தில் அது கிடையாது. குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கும். உங்கள் வீட்டு நிபந்தனைக்குள் பூனையை நிம்மதியாக வளர்க்க வழியில்லை. நாய் என்றால் குட்டியை விட்டுவிட்டு ஒன்றரை, இரண்டு வயது நாயைத் தத்தெடுங்கள். எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும், தேவைகள் குறைந்திருக்கும், அடல்ட் என்று போட்ட முழுமையான சைவத் தீனி அதற்குப் போதும். காப்பகங்களில் அந்த வயது நாட்டு நாய்களை யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் குட்டிதான் வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போய் நாலைந்து முறை அதோடு பழகவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு முழு ரத்தப் பரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையும் இதயமும் பார்த்துக்கொள்வதும் அவசியம்.